நிதானம் எடுத்திருந்தால்

படம் வெளியாகி மூன்று வாரமாகியும் காஸ்ட்யூம் கூடத்தில் அந்தப் பேச்சு ஓயவில்லை. மிஷின் ஓடுகிற இடத்தில் வாயும் ஓடத்தான் செய்யும், யாரால் தடுக்க முடியும்? இஸ்திரிக்காரர்தான் தினமும் ஆரம்பித்து வைப்பார்.

"என்ன இருந்தாலும் மேகவேந்தன் படத்தை டைரக்டர் நிதானம் எடுத்திருக்கணும்ப்பா. அவர் எடுத்திருந்தா அது வேற படம்."

உடனே கட்டிங் மாஸ்டர் கத்திரியைக் கீழே வைத்துவிட்டுச் சண்டைக்கு வருவார். "ஆமா, எடுத்திருப்பார், பத்து வருஷம் எடுத்திருப்பார். பறக்கிற ஆளைப் பறக்க விடாமலே படத்தை முடிச்சிருப்பார். தியேட்டர்ல ஈ ஓட்டியிருப்பாங்க."

மூலை மிஷினில் இருந்த அக்கா இதற்கெல்லாம் தலை நிமிர மாட்டாள். கூடத்தில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் அக்காதான். சொந்தப் பெயர் அடையாள அட்டையில் தூங்கிக்கொண்டிருந்தது. இந்த இரண்டு பேரும் ஒரு விஷயத்தை மறந்துவிட்டார்கள், இல்லை, அவள் காதில் விழுகிறதென்பதை மறந்துவிட்டார்கள். நிதானம் எடுத்திருந்தால் அவள் தம்பி இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான். நிதானத்தின் படத்தில் அங்கியே கிடையாது.

மேகவேந்தன் வாராவாரம் வந்துகொண்டிருந்த படக்கதையின் நாயகன். மேகத்திலிருந்து விழுந்தவன், முதுகில் சிவப்பு அங்கி பறக்க ஊரைக் காப்பாற்றுகிறவன். அவனுக்கு இரும்புத்தாடையன் என்று ஓர் எதிரி, நீலச்சிறகு என்று ஒரு தோழி. சின்ன வயதில் அதைப் படிக்காத ஆளில்லை. அதைப் படமாக எடுக்க முதலில் வந்தவர் ஒரு மெல்லிய மனிதர். ஒரு வாக்கியம் பேச ஒரு டீ ஆறிப்போகும். செட்டில் இருந்தவர்கள் அவருக்கு வைத்த பெயர்தான் நிதானம்.

அளவு சொல்ல அவர் உதவியாளரை அனுப்பவில்லை, தானே வந்தார். ஸ்டூலை இழுத்துப்போட்டு அக்காவின் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம். பறக்கிறவனுக்குக் கழுத்துல எதுக்குப் போர்வை? எங்கயாவது மாட்டிக்காதா?"

"மாட்டும் சார்."

"அப்ப வேண்டாம்."

அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. இருபத்தாறு வருஷ வேலையில் ஒரு டைரக்டர் அவளிடம் சந்தேகம் கேட்டது அதுவே முதல் தடவை. பக்கத்தில் அளவு கொடுக்க நின்றிருந்த தம்பி கண்ணடித்தான். தம்பி சண்டைக்காட்சியில் நடிகருக்குப் பதில் குதிக்கிற டூப். எடை குறைவு, தாவினால் சத்தம் வராது, அதனால் தொழிலில் அவனைக் குருவி என்பார்கள். முப்பத்தைந்து வயதுக் குருவி, ஒரு மகளுக்கு அப்பன்.

அன்றைக்கு நிதானம் சொன்ன படத்தை அக்கா மறக்கவே இல்லை. மேகவேந்தன் பறப்பதைக் காட்டவே மாட்டாராம். மாடிச் சுவரில் ஏறி நிற்பான், முழங்காலை மடக்குவான், அதோடு கேமரா கீழே திரும்பிவிடும். அண்ணாந்து பார்க்கிற ஜனங்களின் முகம் மட்டும்தான். பஸ் கண்டக்டர், மருந்துக்கடைக்காரர், பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கும் ஒருத்தி. இரும்புத்தாடையன் கெட்டவனே இல்லை. அவன் நகராட்சிப் பொறியாளன். மேகவேந்தன் ஒவ்வொரு தடவை ஊரைக் காப்பாற்றும்போதும் உடைகிற ஜன்னலையும் குழாயையும் சரிபண்ணியே தாடை இறுகிப்போனவன். நீலச்சிறகுக்கும் பறக்க வரும், ஆனால் எட்டு மணிக்கு வேலைக்குப் போக வேண்டியிருப்பதால் யாரிடமும் சொல்லவில்லை. அதைக் கேட்டு அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். கடைசிக் காட்சியைச் சொல்லும் முன்னால் யாரோ கூப்பிட, நிதானம் எழுந்து போய்விட்டார்.

ஆறாவது மாதம் அவரைத் தூக்கிவிட்டார்கள். பறக்காத படத்துக்கு யார் வருவார்கள் என்று தயாரிப்பாளருக்குத் திடீரென்று ஞானம் பிறந்துவிட்டது. புதிதாக வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே "என்ன, ரெடியா?" என்று கேட்கிற ஆள். செட்டில் பெயர் வைக்கிறவர்களுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. அவர் பெயர் அவசரம்.

"இருபது அடி அங்கி வேணும். திரை முழுக்கச் சிவப்பா அலையடிக்கணும்" என்றார் அவசரம்.

அங்கி தைப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. ஆனால் ரோப்பில் தொங்குகிற ஆளின் உடம்பில் தொங்கும் துணி எதையும் தைக்கக் கூடாது, பிரஸ் பட்டன்தான் வைக்க வேண்டும். எங்கேயாவது மாட்டினால் பட்டன் பட்டென்று விட்டுத் துணி தனியே வந்துவிடும், ஆள் தப்பித்துக்கொள்வான். இது காஸ்ட்யூம் வேலைக்கு வருகிறவருக்கு முதல் நாளே சொல்லித்தருவது. அக்கா கழுத்துப்பட்டையில் எட்டுப் பட்டன் வைத்துக் கொடுத்தாள்.

காற்றாடி மிஷினைப் போட்டதும் அங்கி கழன்று பறந்தது. இரண்டாம் தடவையும் பறந்தது. அவசரம் மைக்கிலேயே கத்தினார். "யாரும்மா அது காஸ்ட்யூம்? தைச்சு விடுங்க!"

"சார், தைக்கக் கூடாது. மாட்டினா கழண்டு வரணும், அதுக்குத்தான் பட்டன்."

"ரோப் பிடிச்சிருக்கில்ல? மாட்டினா இறக்கிடுவோம். வெளிச்சம் போயிட்டிருக்கும்மா, உங்ககூட வாதாட நேரமில்ல."

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் அவள் பக்கம் குனிந்து, "தைச்சு விடுக்கா. நான் முடியாதுன்னா நாளைக்கு வேற ஆளைக் கூட்டிட்டு வருவாங்க" என்றான்.

அக்கா தைத்தாள்.

யாரும் கேட்காத, அவள் யாருக்கும் சொல்லாத விஷயம் இனிமேல்தான். தைக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். சாதா நூலில் ஒற்றை வரிசை ஓட்டியிருந்தால் போதும். காற்றுக்குத் தாங்கியிருக்கும், ஓர் ஆளின் எடை இழுத்தால் பிய்ந்திருக்கும். ஆனால் அரைகுறை வேலை அவள் கைக்கு வராதே! மெழுகு நூலை எடுத்தாள். பட்டைக்கு அடியில் கேன்வாஸ் கொடுத்தாள். ஒரு வரிசை போட்டு, அதன் மேலேயே இன்னொரு வரிசை. தம்பி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தான். முடித்ததும் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. அவளுக்கு அந்த நேரத்தில் பெருமையாகக்கூட இருந்தது, பாவி.

மூன்றாவது டேக்கில் அங்கியின் நுனி கிரேன் உச்சியில் இருந்த கப்பிக்குள் போய்ச் சுற்றிக்கொண்டது. கீழே இருந்தவர்கள் ரோப்பை இறக்கினார்கள். உடம்பு இறங்கியது, அங்கி இறங்கவில்லை. நான்கு மாடி உயரத்தில் அவன் கழுத்துப்பட்டையில் தொங்கினான், காலை உதைத்துக்கொண்டு. அவசரம் மானிட்டரைப் பார்த்து, "பிரமாதம், பிரமாதம், அப்படித்தான்" என்றார். உதைப்பது நின்ற பிறகுதான் அவர் வாயிலிருந்து கட் வந்தது. அக்கா அண்ணாந்து நின்றாள். மெழுகு நூல் பிரிந்துவிடாதா, ஒரு வரிசையாவது பிரிந்துவிடாதா என்று பார்த்துக்கொண்டே நின்றாள். பிரியவில்லை. அவனைக் கீழே கொண்டுவந்து கிடத்திய பிறகு கத்திரியால் வெட்டித்தான் எடுத்தார்கள்.

விசாரணையில் எதிர்பாராத விபத்து என்று எழுதி முடித்தார்கள். படத்தின் ஆரம்பத்தில் மூன்று விநாடி அவன் போட்டோவைப் போட்டார்கள். செட்டில் எல்லாரும் அவசரத்தைத் திட்டினார்கள், அக்கா எல்லாரையும்விடச் சத்தமாகத் திட்டினாள். தம்பி மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் படுபாவி கொன்னுட்டானேம்மா" என்று அழுதாள். எத்தனை வரிசை என்று மட்டும் சொல்லவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. மிஷினை மிதிக்க ஆரம்பித்ததும் நிதானத்தின் படம் தலைக்குள் ஓடும். குருவி மாடிச் சுவரில் ஏறுவான், முழங்காலை மடக்குவான். கேமரா கண்டக்டர் முகத்துக்குத் திரும்பும். அவ்வளவுதான் அவன் வேலை, இறங்கிப் படிக்கட்டு வழியாக வீட்டுக்குப் போய்விடுவான். இரும்புத்தாடையன் குழாயைத் திருகுவான், நீலச்சிறகு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள், குருவி வீட்டில் மகளோடு சாப்பிட்டுக்கொண்டிருப்பான். அந்தப் படம் ஓடுகிறவரைக்கும் அவளால் மூச்சுவிட முடிந்தது. ஆனால் கடைசிக் காட்சி அவளிடம் இல்லையே! அங்கே வந்ததும் படம் அறுந்துபோகும், கப்பி சுற்றுகிற சத்தம் கேட்கும்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு விடுமுறை நாளில் நிதானத்தின் வீட்டைத் தேடிப் போனாள்.

மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. முன்னறை முழுவதும் தரை துடைக்கும் திரவத்தின் காலி பாட்டில்கள். அதற்குத்தான் இப்போது விளம்பரம் எடுக்கிறாராம். அவளைக் கண்டதும் அவசரமாக எழுந்தார், ஒரு பாட்டில் உருண்டது.

"அம்மா... நான் வந்திருக்கணும். எந்த மூஞ்சியோட வர்றதுன்னு..."

"அதெல்லாம் விடுங்க சார். எனக்கு உங்க படத்தோட கடைசியைச் சொல்லுங்க. அன்னிக்கு பாதியில எழுந்து போயிட்டீங்க."

அவர் உருண்ட பாட்டிலை எடுத்து நிறுத்தினார். பிறகு உட்கார்ந்தார். எடுக்காத படத்தைக் கேட்க ஓர் ஆள் வந்தால் எந்த டைரக்டரால் சும்மா இருக்க முடியும்? முதலில் தயங்கித் தயங்கிச் சொன்னவர், போகப்போக எழுந்து நடந்துகொண்டே சொன்னார். ஊரில் ஒருத்தரும் மேகவேந்தனை நம்பாமல் போய்விடுகிறார்கள். பார்த்ததாகச் சொன்னவர்களைப் பைத்தியம் என்கிறார்கள். அணை உடையப் போகிறது, ஓடுங்கள் என்று அவன் தெருத்தெருவாகக் கத்துகிறான், ஒருத்தர் அசையவில்லை.

"அப்பத்தான்மா அவன் முடிவு பண்றான், எல்லார் கண்ணுக்கும் தெரியறமாதிரி பறந்தே ஆகணும்னு. படம் முழுக்கக் காட்டாம வச்சிருந்து, கடைசியில ஒரே ஒரு தடவை காட்டுறோம். ஜன்னல்ல இருக்கிற சிவப்புத் திரைத்துணியைப் பிடுங்கிக் கட்டிக்கிறான். ஊர்ல எங்கேயிருந்து பார்த்தாலும் தெரியணுமில்ல? நாற்பது அடித் துணி. வெட்டே இல்லாம ஒரே ஷாட்."

அக்கா குறுக்கிட்டாள். "துணி உண்டா சார்?"

"அதுக்காகத்தானே முதல்ல வேண்டாம்னேன்! பசிச்ச வயித்துக்குத்தானே சோறு ருசிக்கும்."

"அதை எப்படி மாட்டுவீங்க? பட்டனா?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கையை வீசினார். "பட்டன் எப்படிம்மா? ஒரே ஷாட்ல பாதியில கழண்டா எல்லாம் போச்சே. தைக்கத்தான் வேணும். உங்ககிட்டதான் வந்திருப்பேன், கெட்டியா ரெண்டு..."

அங்கே நின்றுவிட்டார். திரும்பினார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஏறுறது குருவிதானே சார்?"

"அம்மா, நான் அந்த அர்த்தத்துல..."

"குருவிதானே?"

"அவனை விட்டா வேற யாரு?" என்றார் அவர், காதில் விழாத குரலில்.

அக்கா எழுந்துகொண்டாள். அவர்மேல் அவளுக்குக் கோபமே வரவில்லை, அதுதான் கொடுமை. இத்தனை மாதமாக ஒளிந்துகொண்டிருந்த வீடு இடிந்து விழுந்தது போலிருந்தது. யார் எடுத்தாலும் துணி உண்டு. யார் எடுத்தாலும் தைக்கச் சொல்லுவார்கள், தைக்கிறவள் அவள்தான். நிதானம் கெஞ்சிக் கேட்டிருப்பார், அவசரம் கத்திக் கேட்டார். இரண்டு பேருக்கும் அவள் மெழுகு நூலைத்தான் எடுத்திருப்பாள்.

அங்கிருந்து நேரே பஸ் ஏறித் தம்பி வீட்டுக்குப் போனாள். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். தம்பி மனைவி தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணி. என்ன, வெயில்ல?"

"இல்லம்மா, நான் உள்ள வரல. நின்னுக்கிட்டே சொல்லிடறேன். உட்கார்ந்தா சொல்ல மாட்டேன்." மூச்சு வாங்கியது. "அந்த ஆளு தைக்கத்தான் சொன்னான். மெழுகு நூல் போடச் சொல்லல. ரெண்டு வரிசை போடச் சொல்லல. நானாத்தான் போட்டேன். ஒத்தை வரிசையா இருந்திருந்தா பிய்ஞ்சு வந்திருக்கும்மா, அவன் பிழைச்சிருப்பான். நான் அவசரத்தைத் திட்டித் திட்டி உன்னை ஏமாத்திட்டேன்."

தம்பி மனைவியின் விரல்கள் நிற்கவில்லை. ஒரு தோலைப் பிளந்தாள், மணிகளைத் தட்டில் உதிர்த்தாள்.

"தெரியும் அண்ணி."

"யாரு சொன்னா?"

"அவர்தான். மேல ஏறுறதுக்கு முன்னாடி போன் பண்ணினார். அங்கி ரெண்டு தடவை பிச்சுக்கிட்டுப் போயிடுச்சுன்னு சொன்னதும் எனக்குப் பயமாயிடுச்சு. வேண்டாங்க, இறங்கி வந்துடுங்கன்னு அழுதேன்." அவள் அடுத்த பட்டாணியை எடுத்தாள். "அதுக்கு அவர், 'பயப்படாதே, அக்கா மெழுகு நூல்ல ரெண்டு தையல் போட்டிருக்கு, யானை இழுத்தாலும் வராது'ன்னார். எனக்கு என்ன அண்ணி தெரியும்? தையல் கெட்டியா இருந்தா நல்லதுன்னுதானே தோணும்."

அக்கா உள்ளே வந்து அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"நானும் சரி, ஏறுங்கன்னுட்டேன்" என்றாள் தம்பி மனைவி.