கொல்லைப்புறத்துப் பாசம்

வெர்லீன் மக்ரேடிக்குத் தன் புருஷன் மேல் இருந்த கோபத்தில் பாதியை அந்த அக்டோபர் மாதம் ஒரு பிராணி வாங்கிக் கட்டிக்கொண்டது. பூனை அளவு உடம்பு, எலி மூஞ்சி, மயிரில்லாத வால், அந்த வாய்க்குத் தேவையே இல்லாத அத்தனை பற்கள். புத்தகத்தில் அதற்கு ஒப்பாசம் என்று பெயர். அலபாமாவில் யார் அவ்வளவு நேரம் வாயைத் திறந்து வைத்திருக்கப் போகிறார்கள்? முதல் எழுத்தை விழுங்கிவிட்டுப் 'பாசம்' என்பார்கள். தமிழ்க் காதில் அது வேறு எதுவாகவோ விழும். வெர்லீனுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவளுக்கு அது பழம் தின்னும் திருட்டுப் பயல், அவ்வளவுதான்.

கொல்லையில் நின்ற பெர்சிமன் மரத்தின் பழங்களை அந்தப் பக்கத்தில் யாரும் பறிக்க மாட்டார்கள். பறித்துத் தின்றவன் அன்று முழுக்கத் தன் நாக்கைத் தேடிக்கொண்டிருப்பான், அப்படித் துவர்க்கும். பழம் தானே கனிந்து விழ வேண்டும். விழுந்ததைக் காலையில் பொறுக்க வேண்டும். அதற்காகவே வெர்லீன் பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றை மரத்தடியில் விரித்து வைப்பாள். நவம்பர் முதல் ஞாயிறு சர்ச்சில் ஊரே கூடிச் சாப்பிடும் நாள். மேஜையில் வெர்லீனின் பெர்சிமன் புட்டிங் இல்லையென்றால், பிரசங்கத்தைச் சீக்கிரம் முடிக்கப் பாதிரியாருக்குக் காரணமே கிடையாது.

இந்த வருஷம் காலையில் போய்ப் பார்த்தால் விரிப்பில் கொட்டையும் தோலும்தான் கிடந்தன. நடுவில் மரியாதைக்கு இரண்டு புழுக்கை.

"ஹாய்ட், அது மறுபடியும் வந்திருக்கு. ஏதாவது பண்ணேன்."

சாய்வு நாற்காலியில் கிடந்த ஹாய்ட் கண்ணைத் திறக்கவில்லை. "அதுக்கும் வயிறு இருக்குல்ல?"

"உனக்கு இருக்கிற வயிறு மாதிரி அதுக்கும் இருந்தா மரத்தையே தின்னிருக்கும்."

இதற்கு அவர் பதில் சொல்லியிருக்க வேண்டும். நாற்பத்திரண்டு வருஷக் கல்யாணத்தில் இப்படி ஒரு வாய்ப்பை ஹாய்ட் விட்டதே இல்லை. இப்போது விட்டார். 

ஜூன் மாதம் அவருக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் நடந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார் டாக்டர். தினம் இரண்டு முறை வாசல் தபால் பெட்டிவரை நடந்துவிட்டு வந்தால் போதும் என்றார். நூற்றுப் பத்து அடி தூரம். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டிய மனுஷனுக்கு அது ஒரு தூரமா? ஆனால் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஹாய்ட் அந்த நாற்காலியை விட்டு அசையவில்லை. நடக்கக் கூப்பிட்டால் கண்ணை மூடிக்கொள்வார். உலுக்கினால் தூக்கம் என்பார்.

"வேஷம்," என்பாள் வெர்லீன். "வேஷக்காரக் கிழவன்."

சொல்லிவிட்டாலும் பயம் போகவில்லை. கடைக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறந்தால், கையில் இருக்கும் பைகளைக் கீழே வைப்பதற்கு முன்னால் அவர் சட்டையைத்தான் பார்ப்பாள். ஏறி இறங்குகிறதா? இறங்குகிறது. அப்புறம்தான் தன் மூச்சை விடுவாள், கையோடு திட்டவும் ஆரம்பிப்பாள். என்றைக்காவது ஒரு நாள் அந்தச் சட்டை ஏறாமல் கிடக்கப் போகிறது, அதைத் தனியாக நின்று பார்க்கப் போவது தான்தான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் காலையில் அந்தத் திருட்டுப் பயல் கையும் களவுமாக மாட்டியது. விடிந்தும் வீட்டுக்குப் போகாமல் பின் வராந்தாவில் உட்கார்ந்து பூனையின் கிண்ணத்தை நக்கிக்கொண்டிருந்தது. பிஸ்கட் என்ற அவர்கள் வீட்டுப் பூனை ஒரு ஓரமாக உட்கார்ந்து அதை மரியாதையாக வேடிக்கை பார்த்தது. வெர்லீன் துடைப்பக் கட்டையால் தகர வாளியை ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். பிராணி திரும்பிப் பார்த்தது, பல்லைக் காட்டியது, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. வாய் திறந்து நாக்கு தொங்கியது. நாற்றம் குடலைப் புரட்டியது.

"ஹாய்ட்! கொன்னுட்டேன்! ஐயோ, நான் தொடக்கூட இல்ல, வாளியைத்தான் தட்டினேன்!"

பின்கதவு திறந்தது. நாலு மாதத்தில் முதல்முறையாக ஹாய்ட் வெளியே வந்தார், செருப்புகூட இல்லாமல். குனிந்து பார்த்தார். பிறகு சிரித்தார்.

"சாகல. நடிக்குது."

"இப்படி நாறுதே!"

"நடிப்புன்னா அப்படி இருக்கணும். நம்ம டெவெய்ன் பய இருந்தான்ல? பஸ்ஸுல பின்னாடி உட்கார்ந்து அத்தனை அழும்பும் பண்ணுவான். நான் கண்ணாடியில பார்த்தேன்னா போதும், தூங்கிடுவான். எச்சில்கூட ஒழுகவிடுவான்."

"நீ என்ன பண்ணுவ?"

"நான் என்ன பண்ணுவேன்? அவன் வீட்டு முன்னால நிறுத்தி, 'வீடு வந்தாச்சு, எந்திரி'ம்பேன். துள்ளிக் குதிச்சு இறங்கிடுவான்." ஹாய்ட் அந்தப் பிராணியின் காதருகே போனார். "வீடு வந்தாச்சு, எந்திரி."

அது எழவில்லை.

"டெவெய்னுக்கு அண்ணன் இவன்," என்றார் ஹாய்ட் மரியாதையோடு.

இருவரும் உள்ளே போய் காப்பி ஊற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தபோது வராந்தா காலியாக இருந்தது. கிண்ணமும்தான். ஹாய்ட் அந்தக் காப்பியை நின்றுகொண்டே குடித்தார். வெர்லீன் அதைக் கவனித்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுத் தெல்மா விவசாய அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே யோசனை சொன்னாள், கையோடு ஒரு துண்டுப் பிரசுரமும் கொடுத்தாள்.

"அதை அடிக்காதே. உண்ணி தின்னும், பாம்பு தின்னும், நல்ல ஜீவன். பூனைச் சாப்பாட்டைச் சாயங்காலமே உள்ள எடுத்து வெச்சுடு. விழுந்த பழத்தை இருட்டறதுக்கு முன்னாடி பொறுக்கிடு. வராந்தாவுக்குக் கீழ ஓட்டை இருந்தா அடைச்சுடு. வயித்துக்குக் கிடைக்கலன்னா வேற வீடு பார்த்துக்கும்."

"எத்தனை நாள்ல?"

"ஒரு வாரம். அப்புறம் எட்டிக்கூடப் பார்க்காது."

ஒரு வாரமா? வெர்லீனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெல்மா சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் மனசில் ஏற்றிக்கொண்டாள், வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் நேர்மாறாகச் செய்தாள். கிண்ணத்தில் இரண்டு கை கூடப் போட்டாள். விரிப்பில் விழுந்த பழங்களை அப்படியே விட்டாள். புட்டிங்குக்கு வேண்டிய பழத்தைத் தெல்மாவின் தங்கை வீட்டு மரத்தில் ரகசியமாகப் பொறுக்கிக்கொண்டாள். பிறகு உள்ளே வந்து ஒப்பாரி வைத்தாள்.

"மறுபடியும் வந்திருக்கு ஹாய்ட். உன்னால ஒண்ணும் முடியாது. தெல்மா புருஷனைக் கூப்பிடட்டுமா?"

தெல்மா புருஷனுக்கு ஒரு ஆணியை நேராக அடிக்கத் தெரியாது என்பது ஹாய்டின் ஐம்பது வருஷக் கொள்கை. அவர் எழுந்தார்.

முதலில் வராந்தாவுக்குக் கீழே இருந்த ஓட்டையைப் பலகை வைத்து அடைத்தார். அடுத்த நாள்தான் பிஸ்கட் உள்ளே மாட்டிக்கொண்டது தெரிந்தது; பலகையைக் கழற்றினார். கூண்டு வைத்தார். மார்ஷ்மெல்லோ மிட்டாய் வைத்தால் பூனை சீண்டாது, பாசம்தான் மாட்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பிஸ்கட்டுக்கு மார்ஷ்மெல்லோ பிடிக்கும் என்பதை வீடு அப்படித்தான் கண்டுபிடித்தது. இரண்டு தடவை கண்டுபிடித்தது.

"என்ன ஹாய்ட், இன்னிக்கும் நம்ம பூனைதானா?" என்பாள் தெல்மா வேலிக்கு மேலே தலையை நீட்டி.

"பூனை சரியான வேட்டை. எங்க ஊர்ல எல்லாரும் அதைத்தான் பிடிப்பாங்க," என்பார் ஹாய்ட்.

மனுஷன் பதில் பேசினார். கொல்லைக்கும் கொட்டகைக்குமாகத் தினம் பத்து நடை நடந்தார். முகத்தில் வெயில் பட்ட நிறம் வந்தது. வெர்லீன் கிண்ணத்தில் மூன்று கை போட ஆரம்பித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை வந்து மறுபடி ஒரு பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமாம். ஹாய்ட் படித்தார், மடித்தார், நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். திங்களும் போயிற்று, செவ்வாயும் போயிற்று.

"பாசம் வந்திருக்கு, ஹாய்ட்."

ஹாய்ட் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தெல்மா புருஷனைக் கூப்பிடப் போறேன்."

"கூப்பிடு," என்றார் ஹாய்ட்.

வெர்லீன் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். கைக்கு ஏதாவது வேண்டுமே என்று தெல்மா கொடுத்த பிரசுரத்தை எடுத்துப் படித்தாள். 'செத்தது போல் கிடப்பது நடிப்பு அல்ல. பயம் அளவு மீறும்போது உடம்பே அதைக் கீழே தள்ளிவிடுகிறது. நினைத்தாலும் அதனால் எழ முடியாது. பக்கத்தில் சத்தம் போடாமல் விட்டுவிடுங்கள், தானாக எழும்.' அவளுக்கு இருந்த எரிச்சலில் அதுவும் இன்னொரு பிராணிக் கதையாகத்தான் பட்டது. பிரசுரத்தை இழுப்பறையில் போட்டுவிட்டாள்.

புதன்கிழமை சர்ச்சில் பாட்டு ஒத்திகை. ஐந்தரைக்கு வீடு திரும்பினாள். வெயில் இன்னும் மரத்து உச்சியில் இருந்தது. கதவைத் திறந்து வழக்கம்போலச் சட்டையைப் பார்த்தாள். சட்டையும் இல்லை, ஹாய்டும் இல்லை. நாற்காலி காலி.

ஒரு வினாடி சந்தோஷமாகக்கூட இருந்தது. கையிலிருந்த தபாலைச் சமையலறை மேஜையில் வைத்துவிட்டு ஜன்னல் வழியாகக் கொல்லையைப் பார்த்தாள்.

வெள்ளை விரிப்பு. அதன்மேல் ஹாய்ட், மல்லாந்து, கைகள் இரண்டும் பக்கத்தில், அசைவே இல்லாமல்.

வெர்லீன் எப்படிப் படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. ஒரு செருப்பு வராந்தாவில் நின்றுவிட்டது. கைப்பையை விடவும் மறந்திருந்தாள். "ஹாய்ட்! ஹாய்ட்!" என்று கத்திக்கொண்டே போய் விரிப்பில் முழங்காலில் விழுந்தாள், பழங்கள் நசுங்கின.

ஹாய்டின் உதடு மட்டும் அசைந்தது.

"உஷ். கத்தாதே. அது பார்க்குது."

அப்போதுதான் அவள் பார்த்தாள். விரிப்பின் அந்த மூலையில் இன்னொன்று கிடந்தது. வாயைத் திறந்துகொண்டு, நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு.

"உன் புட்டிங்குக்குப் பழம் பொறுக்க வந்தேன்," என்று கிசுகிசுத்தார் ஹாய்ட். "பகல்லயே வந்து உட்கார்ந்திருக்கான். என்னைப் பார்த்ததும் விழுந்துட்டான். சரி, யாரு முதல்ல எந்திரிக்கறதுன்னு பார்த்துடலாம்னு நானும் படுத்துட்டேன். இருபது நிமிஷம் ஆச்சு. நல்ல ஆள்."

வெர்லீன் கைப்பையை ஓங்கி அவர் தோளில் ஒரு போடு போட்டாள். இன்னொன்றும் போட்டாள்.

"படுபாவி! நீ செத்துட்டன்னு நினைச்சேன்! தினமும் அதைத்தான் நினைக்கிறேன், தெரியுமா உனக்கு? கடைக்குப் போனா, குளிக்கப் போனா, திரும்பி வர வரைக்கும் அதேதான்! ஜூன்லேர்ந்து நான் ஒரு நாள்கூட நிம்மதியா மூச்சு விடல!"

அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாள். ஹாய்ட் படுத்தபடியே அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பூனைக் கிண்ணத்துல யாரு அள்ளி அள்ளிப் போடறதுன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?" என்றார் மெதுவாக. "முப்பத்தோரு வருஷம் கண்ணாடியில பின்னாடி பார்த்தே வண்டி ஓட்டினவன்."

"தெரிஞ்சுமா கூண்டு வெச்ச?"

"நீ அவ்வளவு சிரமப்பட்டுப் போடற. பிடிக்க வேண்டாமா?"

வெர்லீன் மூக்கை உறிஞ்சினாள். சிரிப்பு வந்தது, கோபம் போகவில்லை. "அப்புறம் ஏன் மறுபடியும் நாற்காலியில போய் விழுந்த? எதுக்கு அந்த வேஷம்?"

ஹாய்ட் மரத்தைப் பார்த்தார். 

"வேஷம் இல்ல வெர்லீன். நான் அதுல தூங்கவே இல்ல. தூங்கினா எந்திரிக்க மாட்டேனோன்னு பயம். நடந்தா நெஞ்சு நின்னுடுமோன்னு பயம். அந்தக் கடிதாசைப் பார்த்ததும் கால் ரெண்டும் வரமாட்டேன்னுடுச்சு. எந்திரிக்கணும்னுதான் பார்க்கறேன். முடியல."

 நாலு மாதமாக இந்த மனுஷனை அவள் எத்தனை தடவை வேஷக்காரன் என்று சொல்லியிருப்பாள்? இழுப்பறையில் கிடந்த பிரசுரம் ஞாபகம் வந்தது.

"அதுவும் நடிக்கல, ஹாய்ட்," என்றாள். "பயந்துபோய் விழுந்துடுதாம். எந்திரிக்கணும்னு நினைச்சாக்கூட முடியாதாம்."

ஹாய்ட் தலையை மட்டும் திருப்பி மூலையில் கிடந்ததைப் பார்த்தார். "அப்படியா?" என்றார் அதனிடம். "நான் உன்னை டெவெய்னோட சேர்த்துட்டேனே, தம்பி."

"பக்கத்துல சத்தம் போடாம இருந்தா தானா எந்திரிக்குமாம்."

"நீ சத்தம் போடாம இருப்பியா?"

"பார்க்கலாம்."

சர்ச்சுக்குப் போட்டுப் போன நீலக் கவுனோடு வெர்லீன் அந்த விரிப்பில் அவர் பக்கத்தில் படுத்தாள். வேலிக்கு மேலே தெல்மாவின் தலை முளைத்தது. விரிப்பில் கிடந்த மூன்று பேரையும் பார்த்தது. ஒன்றும் கேட்காமல் இறங்கிவிட்டது.

வெர்லீன் நிஜமாகவே வாயைத் திறக்கவில்லை. அவள் வாழ்க்கையில் அதுவே நீண்ட மௌனமாக இருக்கலாம். பக்கத்தில் ஹாய்டின் சட்டை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதை அவள் பார்க்கவில்லை, தோளில் பட்டது, போதும். மேலேயிருந்து ஒரு பழம் பொத்தென்று விழுந்தது.

முதலில் ஒரு காது அசைந்தது. பிறகு மூக்கு. பிறகு அந்தப் பிராணி தலையைத் தூக்கி இரண்டு பக்கமும் பார்த்தது, நாலு காலில் எழுந்தது, ஹாய்டின் பாதத்தருகே விழுந்திருந்த அந்தப் புதுப் பழத்தைக் கவ்விக்கொண்டு வேலியோரமாக நடந்து போனது. ஓடக்கூட இல்லை.

"ஜெயிச்சுட்டேன்," என்றார் ஹாய்ட்.

"கிழிச்ச," என்றாள் வெர்லீன்.

அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒருவழியாக எழுந்தாள். கவுனில் ஒட்டியிருந்த பழத்தோலை உதறினாள். ஹாய்ட் இன்னும் படுத்திருந்தார்; அவர் கண்கள் வீட்டுக்குள்ளே தெரிந்த அந்த நாற்காலியின் முதுகில் நின்றிருந்தன. வெர்லீன் குனிந்து கையை நீட்டினாள்.

"வீடு வந்தாச்சு ஹாய்ட். எந்திரி."

அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிடித்துக்கொண்டார். எழுந்து நின்றதும் கையை விடாமலே கேட்டார்.

"இன்னிக்குத் தபால் எடுத்தாச்சா?"

"இல்ல," என்றாள் வெர்லீன். அரை மணிக்கு முன்னால் அவளேதான் எடுத்து வந்து சமையலறை மேஜையில் வைத்திருந்தாள்.

இருவரும் வீட்டைச் சுற்றிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார்கள்.