ஏழாவது பட்டை

கப்பலில் அவருக்குக் கழுகு என்று பெயர். கடலடியில் கிடக்கும் எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது என்று கூட இருப்பவர்கள் வைத்த பட்டம். அவரும் மறுத்ததில்லை. புகழ் யாருக்குக் கசக்கும்?

காலையிலிருந்து தேடுவது மூழ்கிப்போன சிறு நீர்மூழ்கி ஒன்றை. உள்ளே மூன்று பேர். மாலை ஐந்து மணி வரைதான் காற்று. கடலைப் பட்டை பட்டையாகப் பிரித்துக் கப்பல் போய்வர, அடியிலிருந்து வரும் எதிரொலி சோனார் திரையில் மேலிருந்து கீழே படமாக வழியும். பட்டை முடிந்ததும் கழுகு ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். போட்ட பட்டைக்குக் கப்பல் திரும்பாது.

மணி இரண்டு. பன்னிரண்டாவது பட்டை. கழுகின் மனசு மட்டும் ஏழாவதிலேயே கிடந்தது. அங்கே பளிச்சென்று ஒரு புள்ளி வந்தது. அதைப் பெரிதாக்கி, அளந்து, பாறைதான் என்று முடிவுகட்ட இரண்டு நிமிடம். அதுவரை படம் பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. ஓரத்தைப் பார்த்தோமா? பார்த்த ஞாபகமே இல்லை. கையெழுத்து மணி மணியாக விழுந்திருந்தது, அதற்கொன்றும் குறைச்சலில்லை.

சொன்னால் மானம் போகும். இருப்பது ஒரே திரை, பழைய பதிவைப் பார்க்கக் கப்பலையே நிறுத்த வேண்டும். அங்கும் ஒன்றுமில்லை என்றால், போன நேரத்துக்கு யார் பதில் சொல்வது?

எழுந்து கேப்டனம்மாவிடம் போனார். “கப்பல நிறுத்துங்கம்மா. ஏழாவத நான் ஒழுங்கா பாக்கல.”

“கையெழுத்துப் போட்டிருக்கீங்களே.”

“பாக்காம போட்டுட்டேன்.”

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்தம்மா கடிகாரத்தைப் பார்த்தார். “நிறுத்துறேன். சீக்கிரம் பாருங்க.”

பதிவு ஓடியது. பாறை வந்தது. இம்முறை கழுகு அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இடது ஓரத்தில் நகத்தளவு நிழல், சீராக வளைந்த முனையோடு. எந்தப் பாறைக்கும் அப்படி நிழல் விழாது.

நாலே முக்காலுக்கு நீர்மூழ்கியை மேலே தூக்கினார்கள். மூவருக்கும் உயிர் இருந்தது. கழுகே ஒருவனைக் கைத்தாங்கலாக உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

குடித்துவிட்டு அவன் சொன்னான்: “காலையிலேயே உங்க கப்பல் மேல போற சத்தம் கேட்டுச்சுண்ணே. பாத்துட்டாங்கன்னு மூணு பேரும் கட்டிப்பிடிச்சு அழுதோம். அப்புறம் சத்தம் தூரமா போயிடுச்சு.”

கழுகு தம்ளரை மறுபடி நிரப்பினார். அதை அவன் கையில் கொடுத்தார்.

“அப்ப திரையில உக்காந்திருந்தது நான்தான் தம்பி” என்றார்.