எண்பது டிகிரி

டமார் என்ற சத்தத்தில் மெக்கானிக் போர்வையை உதறிக்கொண்டு எழுந்தார். காலை ஐந்தரை. பக்கத்துப் படுக்கை காலி. ஆஸ்பத்திரியில் காலை ஷிப்ட் பார்க்கும் நர்ஸ் மனைவி இந்நேரம் கிளம்பியிருப்பாள். சட்டையை மாட்டியும் மாட்டாமலும் வாசலுக்கு ஓடினார்.

வாசல் சரிவில் ரிவர்ஸ் எடுத்த கார், தெருவைக் குறுக்கே கடந்து, எதிர்வீட்டுத் தையல்காரரின் காம்பவுண்டுத் தூணில் முதுகை முட்டிக்கொண்டு நின்றது. இரண்டு பூந்தொட்டிகள் சில்லு சில்லாகக் கிடந்தன. அவள் ஸ்டியரிங்கைப் பிடித்த பிடி விடாமல் உட்கார்ந்திருந்தாள். செருப்பு பக்கத்து சீட்டில் இருந்தது.

"பாதி சரிவுல ஆஃப் ஆயிடுச்சுங்க. பிரேக்கும் கல்லாட்டம் ஆயிடுச்சு" என்றாள்.

"தொட்டிதானே, விடுங்க சிஸ்டர். உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே" என்ற தையல்காரர் இவர் பக்கம் திரும்பினார். "என்ன காது, ஊர் வண்டியெல்லாம் உங்ககிட்ட பேசுது. வீட்டு வண்டி மட்டும் பேச மாட்டேங்குதா?"

என்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார் என்பதால் அவருக்குத் தெருவில் 'காது' என்றே பெயர். தூக்கம் கலையாத வாயிலிருந்து பழகிய பதில் தானாக வந்தது.

"வண்டி நல்லாத்தாங்க பேசுது. அவ கால்தான் கேக்க மாட்டேங்குது."

தையல்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டாள். சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இனிமே நான் தொடல. வித்துடுங்க. யாரு மேலயாவது ஏத்துறதுக்கு முன்னாடி."

கைப்பையை அணைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்துவிட்டாள்.

குளிர் தொடங்கிய நாளிலிருந்து இந்தப் புலம்பல்தான். ஸ்டார்ட் ஆனதும் நடுங்குகிறது, ஐட்லிங் சீராக நிற்கவில்லை, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் செத்துவிடுகிறது என்பாள். அவள் வேலை முடிந்து வந்தபின் சாயங்காலத்தில் அவர் எடுத்துப் பார்ப்பார். சூடான என்ஜின் தையல் மிஷின் மாதிரி ஓடும். "வண்டியில ஒண்ணுமில்ல. உன் காலை ஒழுங்கா வை" என்பார். ஒருநாள் பட்டறையில் இதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். அன்றிலிருந்து பெயின்ட்டர் இவரைப் பார்த்தாலே "அண்ணி கால் சௌக்கியமா?" என்று விசாரிப்பான். லீவில் இருந்த அவள் மதியச் சாப்பாடு கொண்டுவந்த ஒருநாள், அவள் காதில் விழும்படியே கேட்டான். அவள் டப்பாவை வைத்துவிட்டுப் போனாள். அதற்கும் இவர் சிரித்தார்.

இத்தனைக்கும் பட்டறையில் அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. காலையில் மக்கர் செய்யும் வண்டி என்றால் முந்தைய நாளே விட்டுப் போக வேண்டும். மறுநாள் அவர் வரும்வரை யாரும் சாவியைத் தொடக்கூடாது. "ஆறின வண்டியைப் பாக்காம கோளாறு சொல்றவன் மெக்கானிக்கே இல்ல" என்று எத்தனை பேரிடம் வீராப்பாகச் சொல்லியிருக்கிறார். வீட்டு வாசலிலேயே ஆறிக் கிடந்த வண்டியை ஒரு காலையிலாவது எழுந்து வந்து பார்த்ததில்லை.

தையல்காரர் கை கொடுக்க, காரைத் தள்ளி வாசலுக்குக் கொண்டுவந்தார். என்ஜின் இன்னும் சூடேறவில்லை. சாவியைத் திருப்பினார். இருமியது, பிடித்தது, என்ஜின் வேகம் காட்டும் முள் எண்ணூறுக்குக் கீழே ஆடியது, செத்தது. ஆறிய என்ஜின் எழுந்ததும் ஆயிரத்தைநூறுக்குப் போய், சூடேறச் சூடேறத்தான் இறங்க வேண்டும். இது ஏறவே மறுத்தது. நான்கு முறையும் அதே கதை. அவர் கால் வைத்தும் அதே கதை.

காற்றுக் குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். இல்லை. ஐட்லிங் வால்வைக் கழற்றிக் கரியைத் துடைத்து மாட்டினார். மாற்றமில்லை. கடைசியில் ஸ்கேனரைச் செருகினார். திரையில் ஒவ்வொரு அளவாகப் பார்த்து வந்தவரின் கண் ஓரிடத்தில் நின்றது.

என்ஜின் சூடு, எண்பது டிகிரி.

என்ஜின் மேல் உள்ளங்கையை வைத்தார். பானைத் தண்ணீராகக் குளிர்ந்தது. ஆனால் வண்டியின் கம்ப்யூட்டரோ என்ஜின் கொதித்துக்கொண்டிருப்பதாக நம்பி, பெட்ரோலைச் சுருக்கி, ஐட்லிங்கையும் தாழ்த்தி வைத்திருந்தது. குளிரில் நடுங்குகிறவனைப் பார்த்து உனக்கு வேர்க்கிறது என்று சொல்லிப் போர்வையைப் பிடுங்குகிற கதை.

டார்ச்சைப் பிடித்துச் சூட்டைக் காட்டும் சென்சாரைத் தேடினார். அதன் வயர் சென்சாருக்கே போகவில்லை. பாதியில் திருப்பிவிடப்பட்டு, கறுப்பு டேப் சுற்றி, குழாய்க்குப் பின்னால் செருகப்பட்டிருந்தது. எந்தக் கிறுக்கன் செய்த வேலை என்று திட்ட வாயெடுத்தவர், டேப்பின் நுனியைப் பார்த்துவிட்டார். பிரிக்க வசதியாக நுனி சின்ன நாக்கு மாதிரி மடிக்கப்பட்டிருந்தது. அப்படி மடிக்கிற பழக்கம் அவர் பட்டறையில் ஒருவருக்குத்தான் உண்டு.

பிரித்தார். உள்ளே அரிசி அளவு மின்தடைத் துண்டு, ரெசிஸ்டர் ஒன்று.

எட்டு மாதத்துக்கு முந்தைய கோடை. சென்சார் செத்து வண்டி கரும்புகை கக்கியது. கடையில் சென்சார் இல்லை. அவளுக்கு மறுநாள் ஷிப்ட். என்ஜின் சூடாகவே இருப்பதாகக் கம்ப்யூட்டரை ஏமாற்ற இதைச் செருகி, "ரெண்டு நாள் ஓட்டு, புதுசு வந்ததும் மாத்திடறேன்" என்று அவரேதான் சொன்னார். வெயில் காலத்தில் பொய் எடுபட்டது. அவரும் மறந்துவிட்டார். குளிர் வந்ததும் பொய் பல்லிளித்தது.

காது இரண்டும் சூடாயின. கழற்றிய பாகங்களை எடுக்கக் குனிந்தபோது டிரைவர் பக்கத்துக் கால்மிதி விரிப்பு விலகியிருந்ததைக் கவனித்தார். தரையில் ஆஸ்பத்திரி பிளாஸ்திரித் துண்டு ஒன்று குறுக்காக ஒட்டியிருந்தது, குதிகாலை எங்கே வைப்பது என்ற அடையாளம். ஆக்சிலேட்டர் மேலேயும் ஒன்று, பெருவிரலுக்கு. அவற்றின் அருகே பலமுறை ஒட்டிப் பிய்த்த பசைத் தடங்கள். எத்தனை காலைகளில், வெறுங்காலோடு, ஒரு விரற்கடை முன்னும் பின்னும் நகர்த்தி ஒட்டிப் பார்த்திருக்கிறாள்.

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே குந்திவிட்டார். எதிர்வீட்டில் தையல்காரர் உடைந்த தொட்டியைப் பெருக்கும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் அவரால் பார்க்க முடியவில்லை.

மதியத்துக்குள் புது சென்சார் மாட்டியாயிற்று. மோதலில் உடைந்த பின்விளக்கும் மாற்றியாயிற்று. சாயங்காலம் அவள் வந்ததும் சொல்லிவிடுவது என்று ரெசிஸ்டரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவள் கால் கழுவி வந்தாள். டீ போட்டாள். இரண்டு தடவை வாயைத் திறந்தார். இரண்டு தடவையும் டீயைத்தான் குடித்தார்.

"நாளைக்கு ஒரே ஒருதடவை எடுத்துப் பாரேன்" என்பது மட்டும்தான் வந்தது. "நானும் கூட இருக்கேன்."

அவள் டீ டம்ளர்களைக் கழுவி வைத்தாள். "சரி" என்றாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு கார் பக்கம் போய், ஐந்து நிமிஷம் கழித்து வந்தாள்.

மறுநாள் ஐந்தரைக்கு இருவரும் வாசலில் நின்றார்கள். வாயைத் திறந்தால் புகை வரும் குளிர். வண்டி ஓடட்டும், ஓடியதும் சொல்லிவிடலாம் என்று பையிலிருந்த ரெசிஸ்டரை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தார். அவள் செருப்பைக் கழற்றி ஏறினாள். சாவியைத் திருப்பினாள். முதல் தடவையிலேயே பிடித்தது. ஆயிரத்தைநூறுக்கு ஏறி, அசையாமல் நின்று, மெல்ல மெல்ல இறங்கியது. அவள் ரிவர்ஸ் எடுத்து, சரிவில் இறங்கி, தெருவில் அழகாக நிறுத்தினாள். தன் வாசலில் நின்ற தையல்காரர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

அவள் கண்ணாடியை இறக்கினாள். இந்தச் சில மாதங்களாக அவர் பார்க்காத சிரிப்பு முகமெல்லாம் பரவியிருந்தது.

"நேத்து பிளாஸ்திரியை ஒரு விரற்கடை பின்னால தள்ளி ஒட்டினேங்க. நீங்க சொன்னதுதான் சரி, எல்லாம் என் கால்தான்."