மூடாமல் மாற்றிய எழுத்துரு

1.
இந்தக் கதை ஒரு கழன்ற கொம்பில் தொடங்கியது, மறைக்க மாட்டேன். லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் எழுத்தாளர் சண்முகராசாவின் கணினித் திரையில், 'கொ'வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாய் நின்றது.

"எழுத்துருவை மாத்த, நான் எழுதுற எடிற்றரை மூடித் திறக்கவேணும். மூடினால் நான் அழிச்ச வசனத்தைத் திரும்ப எடுக்கேலாது!" மூன்று நாளாய் வீடு முழுக்க இதே புலம்பல். ஐயோ பாவம் என்று நினைத்துவிடாதேங்கோ.

2.
அழித்தது ஒரே ஒரு வசனம். தொண்ணூறுகளில், கொழும்பு லொட்ஜில், பொலிஸ் வந்து சண்முகராசாவின் கூட்டாளி றெஜினோல்டைக் காட்டி, "இவனைத் தெரியுமோ?" என்று கேட்டது. நான்—

(அந்த 'நான்' சண்முகராசாவுடையது. மிச்சத்தை எழுதினார், வாசித்தார், வியர்த்தார், அழித்தார். இப்போது அங்கே 'நான் நித்திரை' என்று இருக்கிறது. நல்ல நித்திரைதான்! தெரியும் என்று ஒருவர் சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள்; றெஜினோல்ட் பதினாலு மாதம் உள்ளே கிடந்தார்.)

புத்தகம் நாளைக்கு அச்சுக்குப் போகவேணும். பிறகு பக்கத்து ஊர் சட்டனில் வெளியீட்டு விழா. முதற்பிரதி வாங்கப்போவது யார்? அதே றெஜினோல்ட். போனில் கேட்டார்: "மச்சான், லொட்ஜ் கதையும் வருதோ?"

"எழுதினனான் மச்சான். கொம்பியூட்டர் விழுங்காமல் விட்டால் சரி."

3.
[இங்கே அவர் கண்கலங்குவதாக ஒரு பந்தி இருந்தது. வெட்டிவிட்டேன். மனுசன் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு மவுசை, எடிற்றரை மூடும் பொத்தானுக்குத்தான் கொண்டுபோனார்.]

"மூடாதேங்கோ அப்பா!" மகள் கௌசி ஓடிவந்தாள். செற்றிங்ஸில் எழுத்துருவின் பெயரை மாற்றினாள். அந்தச் செற்றிங்ஸைத் திரும்ப வாசிக்கச் சொல்லி எடிற்றருக்கு ஒரு கட்டளை கொடுத்தாள். கொம்பும் காலும் வந்து ஒட்டிக்கொண்டன.

"மூடவே தேவையில்லை. அழிச்சதெல்லாம் அப்பிடியே கிடக்கு. அன்டூவை அமத்துங்கோ, வரும்."

அவருக்கு முகம் செத்துப்போச்சு. "ஒண்டுமே போகேல்லையோ?"

"ஒண்டும் போகேல்லை."

வெட்கங்கெட்ட மனுசன்! மூன்று நாளாய்ப் புலம்பியது, அந்த வசனம் தானாய்ப் போய்த் தொலையட்டும் என்றுதான்.

4.
இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அன்டூவை அமத்துகிறார். நம்ப முடியவில்லை. மற்றதில் கணினியின் வயரைப் பிடுங்குகிறார். நன்றாக நம்ப முடிகிறது, எழுதத்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மூன்றாவது முடிவில் றெஜினோல்ட் மேடையில் ஏறி,

வேண்டாம். அந்த வசனம் றெஜினோல்டுக்குத் தெரியும். அதே அறையில் நின்று தன் காதால் கேட்டவர். இப்போது உங்களுக்கும் தெரியும். இரண்டாம் பகுதியில் 'நான்' என்பதற்குப் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன். பேனை இருந்தால் நீங்களே எழுதிப்போடுங்கோ.

சண்முகராசாவைக் கேட்காதேங்கோ. அவர் நித்திரை.