பத்து நாளைக்கு ஓர் ஆள்

2014 ஜனவரி 17, வெள்ளிக்கிழமை, மாலை நான்கு நாற்பது. பிஸ்மார்க் நகரில் பனி பெய்து ஓய்ந்திருந்தது, பூஜ்யத்துக்குக் கீழே பதினொரு டிகிரி, மேற்கிலிருந்து காற்று. தெரன் பிக்கெட் காலணியில் ஒட்டிய பனியைப் பின்வாசல் சுவரில் உதைத்து உதிர்த்துவிட்டு உள்ளே வந்தான். உடை மாற்றப் போவதற்கு முன் ஆடுகளத்தின் ஓரத்து நாற்காலிகளை ஒருமுறை பார்த்தான். அவற்றுள் ஒன்றின் முதுகில் ஓர் அட்டை ஒட்டப்பட்டிருந்தது. அதில் கூடைப்பந்தின் பெரிய லீக் அணி ஒன்றின் பெயர் இருந்தது.

அந்த அட்டையின் பொருளை எங்களில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஜனவரியில் பெரிய லீக் அணிகளில் எவனுக்காவது அடிபட்டால், எங்களைப் போன்ற சிற்றணி ஒன்றிலிருந்து பத்து நாள் ஒப்பந்தத்தில் ஓர் ஆளை எடுத்துக்கொள்வார்கள். அட்டை இருந்தால் ஆளெடுப்பவர் வருகிறார். ஆனால் யாரைப் பார்க்க வருகிறார் என்பதைப் பயிற்சியாளர் ஹாட்லண்ட் எவரிடமும் சொன்னதில்லை. சொல்லப்பட்டவன் அன்று வேறு ஆளாக ஆடுவான் என்பது அவருடைய அனுபவம்.

நான் அந்த அணியில் கணுக்காலுக்குக் கட்டுப் போடுபவன். மருத்துவன் அல்லன், ஆட்டக்காரர்கள் ‘டாக்டர்’ என்று என்னை அழைத்ததில் மரியாதையைவிடக் கேலியே மிகுதி. தெரன் மேசைமேல் ஏறி வலது காலை நீட்டினான். அவனுக்கு முப்பத்து மூன்று வயது. ஐடஹோ, டகோட்டா, மெக்சிகோ என்று சம்பளம் கொடுத்த ஊரிலெல்லாம் ஆடியவன். பெரிய லீக்கில் ஒரு நிமிடமும் ஆடாதவன்.

“அட்டையைப் பாத்தீங்களா, டாக்டர்?”

“பாத்தேன்.”

“ஐராவுக்குத்தான். நேத்து முடி வெட்டிக்கிட்டு வந்தான். ஆட்டத்துக்கு முந்தின நாள் எவன்யா முடி வெட்டுவான்? ஏஜென்ட் காதுல போட்டிருப்பான்.”

“முடி வளந்திருக்கும்.”

“நீங்க கட்டுங்க. கட்டுறதோட நிறுத்திக்குங்க.”

ஐரா லவெட்டுக்கு இருபத்தாறு வயது. நவம்பரில் வந்து சேர்ந்தவன். அணி கொடுத்த அடுக்குமாடி வீட்டில் தெரனுடன் தங்கியிருந்தான். தெரனுக்கு அவன்மீது பொறாமை. அதை மறைக்க அவன் பெரிதாக முயலவுமில்லை. ஐரா மாடிப்படி ஏறும்போது முழங்காலில் சத்தம் வருவதில்லை என்பதை அவன் என்னிடம் ஒரு குற்றச்சாட்டைப் போலச் சொன்னான். ஐரா காலையில் அப்பத்தின்மேல் பாகை ஊற்றித் தின்றுவிட்டு மறுபடி தூங்கப் போவதையும் அதே குரலில் சொன்னான். உள்ளூர்ப் பத்திரிகையில் ஐரா பந்தை எறியும் படம் வந்தது. அதன் ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும் தெரிந்தது. அது தெரனுடையது.

முழங்கை அங்கே இருந்ததற்குக் காரணம் உண்டு. ஐராவைத் துரத்திவரும் எதிரணிக்காரனின் வழியில் தெரன் சுவரைப்போல் நிற்பான். துரத்தியவன் அவன் நெஞ்சில் மோதி நிற்பான். ஐரா தடையின்றிப் பந்தைக் கூடைக்கு எறிவான். ஆட்டக்காரர்கள் இதை ‘ஸ்கிரீன்’ என்பார்கள். புள்ளிக் கணக்கில் இதற்கு இடமில்லை. அந்த லீக்கில் தெரனைப்போல் நிற்கத் தெரிந்தவன் வேறு எவனும் இல்லை. அதைப் பெருமையாக எண்ணும் நிலையிலும் அவன் இல்லை.

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ஐரா வந்தான்.

“டாக்டர், பெருசைக் காலோட விடாதீங்க. தலை வரைக்கும் சுத்துங்க. மியூசியத்துக்கு அனுப்பிடலாம்.”

“முதல்ல உன் வாய்க்கு ரெண்டு சுத்து சுத்தச் சொல்றேன்டா,” என்றான் தெரன். சிரிக்கவில்லை. “முடி நல்லாருக்கு.”

“நெசமாவா?”

“தொலைக்காட்சிக்கு நல்லாருக்கும்.”

ஐரா நன்றி சொன்னான். அது மேலும் எரிச்சலூட்டியது.

ஆட்டத்துக்கு முன் ஹாட்லண்ட் எப்போதும் சொல்வதைத்தான் சொன்னார்: “நேத்து எப்படி ஆடினீங்களோ அப்படியே ஆடுங்க. புதுசா ஒண்ணும் காட்ட வேண்டாம்.” அட்டை ஒட்டிய நாற்காலியில் கான்வே என்ற பெண்மணி வந்து அமர்ந்தார். ஐம்பது வயது இருக்கும், மேலங்கியைக் கழற்றவில்லை.

முதல் தடவை ஐரா பந்துடன் வந்தபோது தெரன் நிற்கவேண்டிய இடத்துக்கு வந்தான். நிற்பதுபோல் தோள் கொடுத்தான். பிறகு விலகிக் கூடையை நோக்கி ஓடிப் பந்தைக் கேட்டான். ஐரா கொடுத்தான். தெரன் போட்டான். அடுத்த தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை துரத்தி வந்தவன் ஐராவின் முதுகிலேயே இருந்தான். ஐராவால் பந்தை எறிய முடியவில்லை. முதல் பாதி முடிந்தபோது ஐரா நான்கு புள்ளிகளும் தெரன் பதினேழும் எடுத்திருந்தார்கள்.

இடைவேளையில் ஐரா தெரனுக்கு அருகில் உட்கார்ந்தான். சண்டை வரும் என்று எண்ணி நான் பனிக்கட்டிப் பையைக் கீழே வைத்தேன்.

“பெருசு, இன்னைக்கு நீ எறியறதெல்லாம் விழுது. உனக்குக் கை சூடா இருக்கு.”

“இருக்கு. அதுக்கென்ன?”

“ஒண்ணுமில்ல. அப்ப நீ எறி. நான் நிக்கிறேன்.”

“உனக்கு நிக்கத் தெரியுமா?”

“நவம்பர்லேருந்து உன் முதுகைத்தானே பாத்துட்டிருக்கேன்.”

இதைத் தெரன் ஒரு சூழ்ச்சி என்று எண்ணினான். ஆனால் இரண்டாம் பாதியில் ஐரா உண்மையாகவே நின்றான். முதலில் கால்களை மிக ஒடுக்கி வைத்து, மோதியவனோடு சேர்ந்து விழுந்தான். பிறகு அகட்டி வைத்தான். ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் ஒரு முரட்டுத் தோள் அவன் உதட்டைக் கிழித்தது. அப்போதும் அவன் இடத்தைவிட்டு அசையவில்லை. தெரன் முப்பத்தொரு புள்ளிகள் எடுத்தான். அரங்கம் எழுந்து நின்று அவன் பெயரைச் சொன்னது. அந்தப் பருவத்தில் அது முதல்முறை.

ஐராவின் உதட்டில் நான் தையல் போடச் செய்து அனுப்பிய பிறகு, கான்வே கட்டுப்போடும் அறைக்கு வந்தார். தெரன் மேசைமேல் இருந்தான். இறங்கி நின்றான்.

“உக்காருப்பா. நல்லா ஆடின.”

“நன்றி, மேடம்.”

“ஒண்ணு கேக்கணும். ஐரா லவெட் எப்பவுமே இப்படித்தான் அடுத்தவனுக்காக நிப்பானா?”

தெரனின் முகத்தில் நிகழ்ந்ததை நான் பார்த்தேன், விவரிக்க விரும்பவில்லை. அவன் பொய் சொல்லவில்லை. ஐராவைக் கவிழ்க்க உண்மையே போதும் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

“இல்ல, மேடம். இன்னைக்குத்தான் முதல் தடவை. இதுக்கு முன்னாடி ஒரு நாளும் நின்னதில்ல.”

“ஒரு நாளும்?”

“ஒரு நாளும். யார்கிட்ட வேணாலும் கேளுங்க.”

“அப்ப ஒரே ஆட்டத்துல கத்துக்கிட்டிருக்கான்,” என்றார் கான்வே. கையுறையை மாட்டிக்கொண்டார். “பிக்கெட், எங்ககிட்ட புள்ளி எடுக்கறவங்க நிறைய பேர் இருக்காங்க. நிக்கறதுக்குத்தான் ஆள் இல்ல. உன்னைப் பாக்கத்தான் வந்தேன்.”

அவர் போன பிறகு தெரன் கால்கட்டை அவிழ்க்கச் சொன்னான். நான் கத்தரியை எடுத்தேன். பாதி வெட்டியபோது, “உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?” என்று கேட்டான். தெரியாது என்றேன். அவன் நம்பவில்லை.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு ஒப்பந்தம் ஃபேக்ஸில் வந்தது. பெரிய அணியின் மேலாளர் கையெழுத்திட்டிருந்தார். அதில் ஐராவின் பெயருக்கு எதிரில் கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது. ஐரா துணி அடுக்க வீட்டுக்குப் போயிருந்தான். ஹாட்லண்ட் அதை உறையில் இட்டுத் தெரனிடம் நீட்டினார். ஒரே வீட்டில் இருப்பவன் என்பதைத் தவிர அவருக்கு வேறு எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை.

தையலைப் பார்க்க வேண்டியிருந்ததால் நானும் வண்டியில் ஏறினேன். தெரன் உறையை மேலங்கிக்குள் வைத்துக்கொண்டு ஓட்டினான். பாலத்தருகே சிவப்பு விளக்கில் நின்றபோது அதை வெளியே எடுத்து, திறந்து, படித்தான். விளக்கு பச்சையானது. பின்னால் நின்ற லாரி ஒலியெழுப்பியது.

“பேர்ல எழுத்துப்பிழைகூட இல்ல,” என்றான்.

வீட்டில் ஐரா பெட்டியின்மேல் உட்கார்ந்து அதை மூட முயன்றுகொண்டிருந்தான். உதடு வீங்கியிருந்ததால் பேச்சு குழறியது.

“வந்துருச்சா, பெருசு?”

“வந்துருச்சு.”

“அந்தம்மா உன்னையும் ஏதோ கேட்டாங்களாமே. கோச் சொன்னார். என்ன சொன்ன?”

“உண்மையைச் சொன்னேன்.”

ஐரா எழுந்துவந்து அவனைக் கட்டிக்கொண்டான். தெரனின் கைகள் பக்கவாட்டில் தொங்கின. ஒன்றில் உறை இருந்தது. ஐரா விலகிக் கையை நீட்டினான். உறையின் ஒரு முனை ஐராவின் விரல்களுக்குள் வந்த பிறகும் மறுமுனை விடுபடவில்லை. ஐரா சிரித்தான், இழுத்தான், சிரிப்பை நிறுத்தினான்.

“கொடு, தெரன்.”

தெரன் கொடுத்தான்.