விமானம் போட்ட ஸ்டாம்பு

1949 கோடையில், சீனாவின் குயிலின் நகரில் இருந்த எங்கள் தபால் நிலையத்துக்கு வந்த தபால்தலைகளில் விலை இல்லை. பணத்தின் மதிப்பு சரிந்த வேகத்தில், காலையில் போட்ட விலை மதியத்துக்குள் பொய்யாகிவிடும். அதனால் விலைக்குப் பதிலாக வேலையை அச்சிட்டார்கள். ரயில், கப்பல் படம் போட்டது கடிதக் கட்டணம். விமானப் படம் போட்டது விமானக் கட்டணம். வாங்கும் அன்று என்ன விலையோ அதைக் கொடுக்க வேண்டும். பிறகு விலை எத்தனை ஏறினாலும் தபால்தலை அதே வேலையைச் செய்யும். அதனால் பண நோட்டைத் தொடாத கடைக்காரர்கள்கூட இதை வாங்கிக்கொண்டார்கள்.

வெய் சியூச்சின் என்ற பெண் கவுன்டரில் என்னிடம் நீட்டிய உறையில் இரண்டு விமானத் தபால்தலைகள் இருந்தன.

“இது போகாது அக்கா. இது விமானத்துல ஏத்துற கூலி மட்டும்தான். கடிதத்துக்குத் தனியா ரயில் ஸ்டாம்பு ஒண்ணு வேணும்.”

“அதான் ரெண்டு ஒட்டியிருக்கேனே.”

“கூட்டிப் பாக்க அதுல எண்ணே இல்லையே.”

கான்டன் துறைமுக விடுதியில் அவள் கணவன் கப்பலுக்குக் காத்திருந்தான். மனைவியும் மகளும் வந்த படகு கவிழ்ந்த செய்தி அவனை எட்டியிருந்தது. இருவரும் பிழைத்த செய்தி எட்டவில்லை; எட்டாவிட்டால் தனியே கப்பலேறிவிடுவான். தந்திக் கம்பி அறுந்து கிடந்தது. கட்டணம் குறைந்த கடிதத்துக்குப் பெறுபவர் அபராதம் கட்ட வேண்டும். அந்த விடுதிக்காரர் கட்டமாட்டார், வாசலோடு திருப்பிவிடுவார்.

“ரயில் ஸ்டாம்பும் இருந்துச்சு,” என்றாள். “விமானம் இருக்கறப்போ ரயில் எதுக்குன்னு காலையில முட்டைக்குக் குடுத்துட்டேன்.”

என்னிடமும் ரயில் தீர்ந்திருந்தது. தபால் பையைக் கட்டாமல் நிறுத்திவைத்து, வாசலில் முட்டைக் கூடையோடு இருந்த வியாபாரி மோவிடம் அவளுடன் போனேன்.

“முட்டையைத் திருப்பிக் குடு, தர்றேன்,” என்றான் மோ.

“மக தின்னுட்டா அண்ணே.”

“அப்ப அவ குஞ்சு பொரிக்கட்டும்,” என்றது வரிசையில் ஒரு குரல். சிலர் சிரித்தார்கள்.

அவள் எச்சில் தொட்டு உறையிலிருந்து ஒரு விமானத்தை உரித்தாள். பசையில்லாமல் வந்த தபால்தலைகள். கஞ்சியில் ஒட்டியது சுலபமாக வந்துவிட்டது. மோ அதைத் தொடவில்லை.

“வாங்கிக்கப்பா,” என்றேன். “விலை போடாத ஸ்டாம்பு. நாளைக்குக் கட்டணம் ஏறினா இதுவும் ஏறும்.”

“ஏறட்டும். நாளைக்கு விமானம் வருமா, அதைச் சொல்லு.”

வேலையை அச்சிட்ட தாள் அது. வேலை நின்றுபோனால் வெறும் தாள்.

சியூச்சின் குனிந்து தன் துணிச் செருப்பைக் கழற்றி அவன் முன் வைத்தாள். மோ அதைத் திருப்பி அடியைப் பார்த்தான். பிறகு மடியிலிருந்து ரயில் தபால்தலையை எடுத்துக் கொடுத்தான்.

அதை ஒட்டி, முத்திரை குத்திக் கடிதத்தைப் பையில் போட்டேன். தபால் வண்டி விமானத் திடலுக்குக் கிளம்பியது.

“கப்பலுக்கு முன்னாடி போயிடுமா?”

“இன்னிக்கு விமானம் கிளம்பினா போயிடும் அக்கா.”

உரித்த விமானம் அவள் விரலில் ஒட்டியிருந்தது. “இது?”

“வச்சுக்குங்க,” என்றேன்.

தார் கொதிக்கும் தெருவில், விமானம் கிளம்புகிறதா என்று பார்க்க, விமானத் திடல் இருக்கும் பக்கம் அவள் வெறுங்காலோடு ஓடினாள்.