மாயக்காளின் இடது கண்

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைக்கவில்லை. பாதிப் பங்கு பேசி வாங்கியது. கொடுத்தவர் பக்கத்து வீட்டுக்காரர் சூடாமணி. போன வருஷம்வரை வாடகைக் காமிராவோடு, கூப்பிட்ட ஊருக்கெல்லாம் போய்ப் படம் பிடித்தவர். இப்போது சாயப்பட்டறையில் நூல் அலசுகிறார். ஒரு படத்தை என் மேஜைமேல் வைத்தார்.

"இதை வச்சு ஒரு கதை எழுதுங்கண்ணே. பத்திரிகைக்காரங்க துட்டுக் குடுத்தா எனக்குப் பாதி."

காமிராக் கடையில் அவருக்கு இரண்டரை ரூபாய் வாடகைப் பாக்கி. அதைக் கட்டினால்தான் காமிராவைத் திரும்பத் தருவார்களாம்.

படத்தில் ஒரு பெண் நாற்காலியில் இருக்கிறாள். கண் திறந்திருக்கிறது. படம் பிடித்தபோது அவள் செத்து ஆறு மணி நேரம்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "மீசையை முறுக்கிக்கொண்டு நின்றான் கருமி விருமாண்டி. அவனுடைய..."

வேண்டாம். காசு கொடுக்காதவன் என்றால் மீசையை முறுக்கித்தான் ஆகவேண்டுமா?

அடுத்தது: "மரணம் என்பது..." (சீ!)

நடந்ததையே சொல்கிறேன். விருமாண்டி உசிலம்பட்டிப் பக்கத்தில் நிலம் உழுகிற சம்சாரி. ஒரே மகள் மாயக்காள் காய்ச்சலில் போய்விட்டாள். பிணத்தைத் தூக்குமுன் ஒரு படம் வேண்டுமென்று மதுரைக்கு ஆள் அனுப்பினார். ஏழு ரூபாய் பேச்சு. அச்சாரம் ஒரு ரூபாய். சூடாமணி போய், உடம்பை நாற்காலியில் துணியால் கட்டி உட்காரவைத்துப் படம் பிடித்தார். மதுரைக்குத் திரும்பி அச்சுப் போட்டதும், மூடிய இமைமேல் மெல்லிய தூரிகையால் கண் எழுதினார். அந்தத் தொழிலில் அது வழக்கம்.*

*எழுதுமுன் கண் எப்படியிருக்கும் என்று வீட்டாரிடம் கேட்டுக்கொள்வதும் வழக்கம்தான். "எல்லாரும் மாரடிச்சு அழுதுக்கிட்டு இருக்காங்க. எந்த வாயால கேக்க?" என்றார் சூடாமணி. (இரக்கத்தால் கேட்கவில்லை என்று எழுதி அடித்துவிட்டேன். வெறும் கூச்சம்தான்.)

3

எட்டாம் நாள் படத்தைக் கொண்டுபோனார். விருமாண்டி வெகுநேரம் பார்த்தார்.

"இது யாரு?"

"உங்க மகதான்யா."

"எம் மகளுக்கு இடது கண்ணு மாறுகண்ணு. அந்தக் கண்ணச் சொல்லித்தான் மூணு மாப்பிள்ளை வீட்டுக்காரன் எந்திரிச்சுப் போனான். உசுரோட இருக்கையில அவளை எவனும் ஏத்துக்கல. செத்த பெறகு நீ நேராக்கிட்டியாக்கும்?"

"மாத்தி எழுதித் தாரேன்யா."

"நீ அவளப் பாத்திருக்கியா?"

"நீங்க சொல்லுங்க, அதுபடி எழுதுறேன்."

விருமாண்டி தன் இடது கண்ணருகே விரலைக் கொண்டுபோனார். எந்தப் பக்கம் என்று காட்டாமலே இறக்கினார். படத்தைத் திருப்பி நீட்டினார்.

"ஊரான் மகளுக்கு நான் எதுக்கு ஆறு ரூவா குடுக்கணும்? கொண்டு போ."

இதற்குப் பிறகு அவரைக் கருமி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. சூடாமணியின் பக்கமும் நியாயம்தான். பஸ் காசு, அச்சுத் தாள், படம் கழுவும் மருந்து, ஒரு நாள் உழைப்பு. இன்னும் இரண்டு முறை நடந்தார். கதவு திறக்கவில்லை; காமிரா வாடகையும் பாக்கியாய் நின்றது. நியாயம் இரண்டு பக்கமும் இருந்துவிட்டால் எழுதுகிறவன் பாடு திண்டாட்டம்.

4

இதுவரை எழுதியதைப் பத்திரிகைக்கு அனுப்பினேன். ஆசிரியர் கார்டு போட்டார்: "நன்று. ஆனால் துக்கம் அதிகம். விருமாண்டி கண்ணீர் விட்டுப் பணம் தருவதாக முடித்தனுப்பினால் ஐந்து ரூபாய். இல்லையேல் இடமில்லை."

அப்படியும் முடித்துப் பார்த்தேன்: "விருமாண்டி படத்தை நெஞ்சோடு அணைத்து, 'நேரான கண்ணோட எம்புட்டு அழகா இருக்கா எம் மக!' என்று விம்மி, ஆறு ரூபாயை..."

எழுதிவிட்டு எனக்கே வெட்கமாகிவிட்டது. சூடாமணியாவது கேட்கக் கூசித் தெரியாமல் செய்தார். நான் எல்லாம் தெரிந்தே அவள் கண்ணை நேராக்குகிறேன், ஐந்து ரூபாய்க்கு. அனுப்பாவிட்டாலோ, சூடாமணி காலமெல்லாம் நூல் அலச வேண்டியதுதான்.

5

தபால் ஐந்து மணிக்கு எடுப்பார்கள். மேஜைமேல் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. சூடாமணி பட்டறையிலிருந்து நேரே வந்து வாசலில் நிற்கிறார். முழங்கைவரை நீலச் சாயம். இரண்டரை ரூபாயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அண்ணே, உங்க கதையிலயாவது அவரு துட்டக் குடுத்துட்டாரா?"

வாசகரே, இரண்டு தாளையும் கையில் எடுத்துக்கொண்டேன். இரண்டு முடிவும் உங்களுக்குத் தெரியும். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நீங்களே ஏதாவது சொல்லுங்கள்.